கையைக் காட்டச் சொன்னவர்

எனக்குத் தீங்கு செய்தவர் ரகோத்தமன். பெயரை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பேச்சுவாக்கில் விட்டுப்போகக் கூடாது. எங்கள் கம்பெனியில் டெஸ்டிங் ரூமுக்கு அவர்தான் மேலே. இன்றைக்கும் அவர்தான். இன்று காலையில்கூட என்னைப் பார்த்து, "சாப்டீங்களாண்ணா" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்படிக் கேட்டால் எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று அவருக்கு நினைப்பு.

உங்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்துத்தான் தம்பி பேச்சுக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிதானே? அப்படியென்றால் உங்களுக்குப் புரியும். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "அதான் உங்க மேல தப்பில்லைன்னு ஆயிப்போச்சே, அப்புறம் என்னத்துக்கு மொணமொணன்னுட்டு இருக்கறீங்க" என்கிறாள் என் சம்சாரம். ஆயிப்போச்சு என்றால் எப்படி ஆனது? யார் சொன்னார்கள்? யார் முன்னால் சொன்னார்கள்? அதை அவள் கேட்கவில்லை. சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இந்த பஸ் இப்போதைக்கு நகராது. கேளுங்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். கணபதி ஏரியாவில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். அதை மூடினார்கள். அங்கே எனக்குப் பழக்கமான ஒருவர் சொல்லித்தான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன். இங்கே செய்வது பெட்டி. இரும்புப் பெட்டி, உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க். ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன், மில்லில் ஓடுகிற கேமராப் படம், எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றதெல்லாம் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். புது டிஸ்க்கைச் செருகினால், செத்ததில் இருந்ததையெல்லாம் பெட்டியே அதில் திரும்ப எழுதிவிடும். அது நிஜமாகவே அப்படிச் செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதுதான் என் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை உருவ வேண்டும், திரும்பச் செருக வேண்டும், பச்சை விளக்கு வருகிறவரை நின்று பார்க்க வேண்டும். படித்தவர்கள் உருவினால் இழுத்துவிடுவார்கள், செருகுகிற இடத்தில் இருக்கிற பின் ஊசி வளைந்துவிடும். எனக்குக் காயில் சுற்றின கை.

இன்னொன்றும் உண்டு. புதுப் பெட்டி ஒன்று முதல்முதலாக உயிர் பெறும்போது ஸ்விட்ச் போடுவது நான்தான். முதலாளி வைத்த வழக்கம். ஆரம்பத்தில் ஒரு பெட்டி யார் போட்டும் எழாமல், நான் போட்டு எழுந்ததாம். அதிலிருந்து, "தண்டபாணிய வரச் சொல்லுங்க, அவருக்குக் கைராசி" என்பார். அவ்வளவு படித்தவர்களும் ஒதுங்கி நிற்பார்கள். நான் போய்ப் போடுவேன். பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஆயுத பூஜைக்குத்தான் எல்லாம் கெட்டது. வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் அந்த ரூமில் அத்தனை பெட்டியும் அணையும். துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ரூமுக்கு வெளியே பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவோம். பொட்டு வைப்பது நான். அதுவும் பெட்டியின் வெளிக்கதவில், தகரத்தின் மேல். உள்ளே ஒரு துளி போகாது. விடுமுறை முடிந்து வந்து, எல்லாவற்றையும் நானே போட்டேன். எல்லாம் எழுந்தது.

மத்தியானம் ஒரு டிஸ்க்கை உருவிச் செருகினேன். கொஞ்ச நேரம் எழுதிற்று. அப்புறம் அந்த டிஸ்க் சிவப்பு. பக்கத்து டிஸ்க்கும் சிவப்பு. அதற்குப் பிறகு பெட்டியே படுத்துவிட்டது. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நிற்கிறது. டிஸ்க்கை எடுத்துத் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. மறுநாள் வேறு பெட்டி. காலை முழுக்க ஓடுகிறது, மத்தியானம் நான் போய் உருவிச் செருகுகிறேன், விழுகிறது. அடுத்த நாள் இன்னொன்று. நான் தொடாத பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. தம்பி, நீங்களே சொல்லுங்கள், பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்?

முதலில் சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. கிஷோர் என்று ஒரு இன்ஜினியர். "ஏனுங்ண்ணா, என் லேப்டாப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றான். நானும் சிரித்தேன். அப்போது, பூஜைக்குப் பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பின பெட்டியும் இதே மாதிரி படுத்துவிட்டது என்று போன் வந்தது. அதோடு சிரிப்பு நின்றது.

ரகோத்தமன் ஒரு சோதனை வைத்தார். ஒரு பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார். எழுந்த உடனே கிஷோரை ஒரு டிஸ்க்கை உருவிச் செருகச் சொன்னார். பச்சை. இன்னொரு பெட்டியை அணைத்துப் போட்டார்கள். கிஷோர்தான் செய்தான். பச்சை. அப்புறம் என் பக்கம் திரும்பி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியைக் காட்டி, "நீங்க செய்ங்க" என்றார். செய்தேன். எல்லாரும் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். நல்ல வேளை பச்சை என்று நான் நினைத்தேன், அதற்குள் சிவப்பு.

"கையைக் காட்டுங்க" என்றார் ரகோத்தமன்.

எல்லார் முன்னாலும். இரண்டு கையையும் நீட்டினேன், பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்களே அப்படி. அவர் குனிந்து பார்த்தார். விரலிடுக்கில் காலையில் இட்ட திருநீறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. "இந்தக் கையோடதான் டிஸ்க்கைத் தொடறீங்களா? பூஜை போட்டு எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டீங்களே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார், டாக்டர் சொல்கிற மாதிரி. கையை எப்போது மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. நீட்டியபடியே நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எதாவது சொல்ல வேண்டுமே என்று, "நான் வெளியில பொட்டு வெச்சதோட சரிங்க. பெட்டியத் தொடச்சது நாகமணி, ஈரத்துணியில" என்றேன். நாகமணி என்பது ரூம் கூட்டுகிற பெண். காண்ட்ராக்ட்காரர் ஆள். அவள் துடைத்தது உண்மைதானே? நான் பொய் சொல்லவில்லை. துடைக்கச் சொன்னது நான்தான், நன்றாகப் பிழிந்து வெளிப்புறம் மட்டும் துடை என்றேன், அவளும் அப்படித்தான் துடைத்தாள், அது வேறு விஷயம். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. காண்ட்ராக்ட்காரர் ஏதோ ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கக்கூஸ் கழுவப் போட்டுவிட்டார். அதை விடுங்கள், நான் ரகோத்தமன் செய்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். அதைத் தாண்டி நான் போகக் கூடாது. எழுதி ஒட்டவில்லை, வாயாலும் சொல்லவில்லை. டேப்பை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் இந்தப் பக்கம் நின்று அட்டைப்பெட்டி மடித்தேன்.

வெட்கம் அதோடு போகவில்லை. சொல்வதற்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. நானே நம்பிவிட்டேன். வீட்டில் தண்ணி மோட்டார் போட்டேன், ஃப்யூஸ் போயிற்று. அது பழைய மோட்டார், மாதம் ஒரு தடவை போகிறதுதான். ஆனால் அன்றைக்கு என் கையைப் பார்த்தேன். அதன் பிறகு மோட்டார் போட சம்சாரத்தைக் கூப்பிடுவேன். மகள் புது வண்டி எடுத்துவந்து, "சாவியப் போட்டு முதல்ல நீங்க ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்றாள். முழங்கால் வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் போய் மஞ்சள் கரைத்துக் கையை ஊற வைத்தேன். ஒரு கூலிக்காரன் கை, அதைக் கொண்டுபோய் ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஆக்கிவிட்டார் அந்த மனிதர்.

அந்தக் கூட்டத்தில் பெனாசிர் என்று ஒரு பெண் பிள்ளை, அதுவும் இன்ஜினியர்தான். உக்கடத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. என்னை அங்கிள் என்று கூப்பிடும். அது டேப்புக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது, "அங்கிள், நீங்க உருவறப்போ பெட்டி எவ்ளோ நேரமா ஓடிட்டு இருக்கும்?"

"காலைல இருந்து ஓடும் கண்ணு. மத்தியானம்தான் உருவுவேன்."

"கிஷோர் செய்யறப்போ?"

"அவன் செய்யறப்போதான் அணைச்சுப் போட்டாங்களே."

அந்தப் பிள்ளை போய்த் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டது. அன்று மத்தியானம், காலையிலிருந்து ஓடின ஒரு பெட்டியில் அதுவே ஒரு டிஸ்க்கை உருவிச் செருகியது. விழுந்தது. அணைத்துப் போட்டது. "அங்கிள், இந்தப் பக்கம் வாங்க" என்றது. நான் டேப்பைப் பார்த்தேன். "பரவால்ல வாங்க, நான் சொல்றேன்ல" என்றது. வந்து, எழுந்த உடனே ஒரு டிஸ்க்கை உருவிச் செருகினேன். பச்சை. அது பச்சையாகவே நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யார் கை என்பதில் ஒன்றுமில்லை, எத்தனை நேரம் ஓடின பெட்டி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஒரு வாரம்போல உட்கார்ந்தது. கடைசியில் கண்டுபிடித்தது. எனக்குப் புரிகிற மாதிரியும் சொன்னது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெட்டிக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் மெமரியில் இடம் பிரித்துக் கொடுப்பது அதுதான். பூஜைக்கு எப்படியும் எல்லாவற்றையும் அணைத்துப் போடத்தானே போகிறோம் என்று, அணைப்பதற்கு முன்னால் கிஷோர் புதுக் கெர்னலை ஏற்றியிருக்கிறான். அது இடம் கொடுக்கிற முறை மாறியிருக்கிறது. பிள்ளை சொன்ன மாதிரியே சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் ஒரு குடும்பத்துக்குச் சேர்ந்தாற்போல இலை கேட்கிறோம். முன்னெல்லாம், சேர்ந்தாற்போல இருந்தால் கொடுப்பார்கள், இல்லையென்றால் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இப்போது அப்படியில்லை. சேர்ந்தாற்போல இல்லையென்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார வைத்துவிட்டு, சீட்டில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சீட்டைப் பார்த்து நடக்கிறவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் டிஸ்க்கோடு பேசுகிற கார்டு இருக்கிறதே, அது சாம்பார் வாளிக்காரன் மாதிரி. சீட்டெல்லாம் பார்க்காது. முதல் இலை எது என்று காட்டினால் போதும், அங்கிருந்து வரிசையாக ஊற்றிக்கொண்டே போகும். இரண்டாவது இலை வேறு யாரோ வீட்டுக்காரருடையது. அவர் பாயசத்தில் போய் சாம்பார்.

கார்டுக்கு இலையைக் காட்டுவது டிரைவர் என்கிற புரோகிராம். எங்கள் கம்பெனியிலேயே எழுதினது. எப்போதும் சேர்ந்தாற்போலத்தான் கிடைக்கும் என்று நம்பி எழுதிவிட்டார்கள். பெட்டி எழுந்த உடனே பந்தி காலியாக இருக்கிறது, சேர்ந்தாற்போலக் கிடைக்கிறது. காலை முழுக்க ஓடினால் ஆங்காங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள், சிதறித்தான் கிடைக்கிறது. டிஸ்க்கை உருவிச் செருகினால்தான் பெட்டி நிறைய இடம் கேட்கும், எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டுமே. அதனால் நான் உருவினால் விழுகிறது.

டிரைவரைத் திருத்தினார்கள். இடம் கேட்கும்போதே, நிஜமாகவே சேர்ந்தாற்போல வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று சொல் என்று கேட்கிற மாதிரி மாற்றினார்கள். இல்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். அந்த டிரைவரை முதலில் எழுதினது யார் தெரியுமா? ரகோத்தமன். அவர் எங்கள் கம்பெனிக்கு வந்த புதிதில் எழுதினது.

அவரை யாரும் கையைக் காட்டச் சொல்லவில்லை.

ஒரு நாள் லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்தார். அங்கே வேறு யாரும் இல்லை. தோளில் தட்டி, "என்னண்ணா, எல்லாம் சரியாயிடுச்சு பாத்தீங்களா" என்றார்.

நான், "அதை அந்த ரூம்ல வந்து சொல்லுங்க சார்" என்றேன்.

"எதை?"

நிஜமாகவே கேட்டார் தம்பி. நடிக்கவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, இவருக்கு ஞாபகம் வரவில்லை. கையைக் காட்டச் சொன்னீர்களே என்றேன். "ஓ, அதுவா. காரணத்தை எழுதி எல்லாருக்கும் மெயில் போட்டாச்சேண்ணா. அதுல உங்க பேரே கிடையாது, வேணும்னா காட்டறேன்" என்றார். பெயர் இல்லாததை எனக்குச் செய்த உபகாரம் மாதிரி சொல்கிறார். பழி சொல்லும்போது பெயர் இருந்தது, முகம் இருந்தது, கை இருந்தது. பழி போகும்போது மட்டும் பெயர் வேண்டாமா? எனக்கு மெயில் கிடையாது. இங்கிலீஷும் கிடையாது.

அப்புறம் புது மாடல் பெட்டி வந்தது. பெனாசிர்தான், "தண்டபாணி அங்கிள் போடட்டும்" என்றது. முதலாளியும் வந்திருந்தார், தலையை ஆட்டினார். எல்லாரும் இருந்தார்கள், அன்றைக்கு நின்ற அதே ஆட்கள். இதுதான் நேரம் என்று நினைத்தேன். டேப்புக்கு இந்தப் பக்கமே நின்றேன். டேப் பாதி உரிந்து கிடந்தது, இருந்தாலும் நின்றேன்.

"வாங்கண்ணா" என்றார் ரகோத்தமன்.

"நீங்க சொல்லுங்க, வர்றேன்" என்றேன்.

முதலாளி, "என்ன சொல்லணும்?" என்று கேட்டார். ரகோத்தமன், "தெரியல சார்" என்றார். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானே கேட்டு வாங்கினால் அது என்ன மரியாதை? எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை, "அங்கிள், ப்ளீஸ்" என்றது. அசையவில்லை. முதலாளிக்கு எங்கேயோ போக வேண்டும், கடிகாரத்தைப் பார்த்தார். ரகோத்தமன் கையை நீட்டி அவரே போட்டுவிட்டார். பெட்டி எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் திரும்பி வந்து அட்டைப்பெட்டி மடித்தேன். இப்போது யார் வேண்டுமானாலும் ஸ்விட்ச் போடுகிறார்கள். அந்த வழக்கமே போய்விட்டது.

என்ன கேட்டீர்கள்? நாகமணியா? நீங்களும் அதையே கேட்கிறீர்கள்.

அவள் இந்த பஸ்ஸில்தான் வருவாள். அந்த ஹாஸ்டல் குரும்பபாளையத்தில்தான் இருக்கிறது. முன்பு ஒரு நாள், நான் இருந்த சீட்டுக்குப் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையெல்லாம் ஆசிட் பட்டுத் தோல் உரிந்து கிடந்தது. நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

"ஏனுங்ண்ணா, தப்பு கண்டுபுடிச்சுட்டாங்களாமா? என்ற துணியால இல்லைன்னு ஆயிருச்சாமா?"

"ஆமா நாகமணி."

"அப்ப காண்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேட்டுக்குவாரு. நீங்க சொல்லித்தானுங்களே தொடச்சேன்."

"அதான் எல்லாருக்கும் மெயில் போட்டாங்களே" என்றேன்.

"எனக்கெங்கீங்க மெயிலு" என்றாள்.

"எனக்கு மட்டும் வந்துச்சா? நானும் உன்னாட்டந்தான் உக்காந்துட்டிருக்கேன்" என்றேன். உண்மைதானே. பிறகு நியாயமாக ஒன்று சொன்னேன். "ரகோத்தமன் அத்தனை பேர் முன்னால எனக்குச் சொல்லட்டும் நாகமணி. அவர் சொன்ன அடுத்த நிமிசம் நான் காண்ட்ராக்டர்கிட்ட வந்து உனக்குச் சொல்றேன். அவர் சொல்லாம நான் போய்ச் சொன்னா, என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு?"

அவள் திட்டவில்லை. "அப்படீங்களா" என்றாள். முன்னால் போய் வேறு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து பார்த்தால் பேசுவதில்லை. திட்டிவிட்டால் தேவலை.

அவளைப் பார்த்தால் எனக்குத் தலை நிமிர முடியவில்லை தம்பி. இந்த வெட்கமும் அந்த மனிதர் கொடுத்ததுதான். எனக்குச் சேர வேண்டியதை மட்டுமா அவர் பிடித்து வைத்திருக்கிறார்? அவளுக்குச் சேர வேண்டியதையும் அவர்தான் பிடித்து வைத்திருக்கிறார். இதை யாராவது அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொல்ல முடியாது.

பஸ் எடுத்துவிட்டான். அடுத்தது குரும்பபாளையம். தம்பி, நீங்கள் கொஞ்சம் ஜன்னல் பக்கம் வந்துவிடுகிறீர்களா, நான் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். வெயிலுக்கு இல்லை, ஸ்டாப்பில் நிற்கிறவள் கண்ணில் ஜன்னலோர முகம்தான் முதலில் படும். ரகோத்தமன் மட்டும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், நான் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்து வீட்டுக்குப் போவேன்.